கிட்டை மாற்றினால் பிளாஸ்மிட் கூடுமா?

கேள்வி: எம்.எஸ்சி. புராஜெக்டுக்காக ஈ.கோலி பாக்டீரியாவிலிருந்து பிளாஸ்மிட் (குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் சிறு டிஎன்ஏ வளையம்) எடுக்கிறேன். ஒரே கிட் (பிரித்தெடுக்கும் கரைசல்கள் அடங்கிய பெட்டி), ஒரே அளவு கல்ச்சர் (வளர்த்த பாக்டீரியாக் கரைசல்). ஜெல்லில் ஓட்டிப் பார்த்தால் பியூசி19 என்ற பிளாஸ்மிட் பளிச்சென்று தெரிகிறது, பிபிஆர்322 என்ற பிளாஸ்மிட் மங்கலாகத்தான் வருகிறது. டீலர் விலை கூடிய கிட் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அதே கிட்டில் பியூசி19 வந்துவிட்டதே, அதற்குமேல் என்ன நற்சான்று? செல்லில் இருப்பதைத்தான் கிட் வெளியே எடுக்கும். பிபிஆர்322 ஒரு செல்லில் 15 முதல் 20 பிரதிதான் இருக்கும். பியூசி19 500-க்கு மேல்.

இந்த இரண்டும் சேர்ந்த வகைப் பிளாஸ்மிட் தன்னைப் பிரதியெடுக்கத் தொடங்க ஆர்என்ஏ-2 என்ற இழை வேண்டும். அதே இடத்தில் எதிர்ப்பக்கமிருந்து ஆர்என்ஏ-1 என்ற குட்டி இழையும் உருவாகும். குட்டி போய்ப் பெரியதோடு ஒட்டிக்கொண்டால் வேலை நின்றுவிடும். பிளாஸ்மிட் கூடினால் குட்டியும் கூடும், தடை இறுகும். குட்டி சீக்கிரம் சிதைந்துவிடும் என்பதால், பிளாஸ்மிட் குறைந்தால் தடையும் தளரும். இரண்டையும் ஒட்டவைக்க ராப் என்ற புரதம் உதவுகிறது. பியூசி19-ல் ராப் கிடையாது; ஆர்என்ஏ-2-லும் ஓர் எழுத்து (ஒரு காரம்) மாறியிருக்கிறது. பிரேக் தேய்ந்த வண்டிதான்.

டீலர் நீட்டும் அட்டையில் இருக்கும் மைக்ரோகிராம் கணக்கு பெரும்பாலும் பியூசி வகைக்குப் போட்டது. அதைச் சொல்ல மாட்டார்கள்.

சரி, செய்ய வேண்டியது: கல்ச்சரை நான்கு மடங்காக்குங்கள். செல்லை உடைக்கும் கரைசல்களையும் அதே விகிதத்தில் கூட்டுங்கள், இல்லாவிட்டால் சளிபோல இழுக்கும்.

பழைய வழி ஒன்றும் உண்டு. கல்ச்சர் நன்றாக வளர்ந்தபின் குளோராம்பெனிகால் என்ற ஆன்டிபயாட்டிக் சேர்த்து இரவு முழுக்க விட்டால், புதுப் புரதம் உருவாவது நின்று குரோமோசோம் புதிதாகப் பிரதியெடுக்காது. பிபிஆர்322-க்குச் செல்லில் ஏற்கெனவே உள்ள என்சைம்களே போதும், பெருகிக்கொண்டே போகும். ஆனால் பிஎஸ்சி101 போன்ற வேறு வகைப் பிளாஸ்மிட்டுகளுக்குத் தன் சொந்தப் புரதம் தேவை என்பதால் அவற்றில் பலிக்காது. பிளாஸ்மிட்டிலேயே குளோராம்பெனிகாலைத் தாங்கும் ஜீன் இருந்தாலும் பலிக்காது. உங்கள் ஸ்ட்ரெயினில் (பாக்டீரியா ரகத்தில்) பிளைஸ்-எஸ் போல வேறொரு பிளாஸ்மிட் அந்த ஜீனோடு உட்கார்ந்திருந்தாலும் அப்படித்தான். இதில்தான் பலர் ஒரு வாரத்தைத் தொலைக்கிறார்கள். ஸ்டாக் டியூபின் மேல் எழுதியிருப்பதை நம்பாமல், குளோராம்பெனிகால் கலந்த வளர்ப்புத் தட்டில் அந்தப் பாக்டீரியாவை ஒருமுறை கீறிப் பாருங்கள். காலனி வந்தால் இந்த வழியை விட்டுவிடுங்கள்.