1 ஆம்பியர் சப்ளையில் சிம்800எல் ஏன் ரீசெட் ஆகிறது?

மொபைல் நெட்வொர்க்கில் இணையும் சின்ன சர்க்யூட்டான சிம்800எல் மாட்யூலின் சராசரி மின்னோட்டம் குறைவுதானே, பிறகு ஏன் நெட்வொர்க்கில் சேரும்போது ரீசெட் ஆகிறது என்கிறீர்கள். சராசரியைப் பார்த்து சப்ளை வாங்கினால் இப்படித்தான். ஜிஎஸ்எம் (இந்த மாட்யூல் பயன்படுத்தும் 2ஜி மொபைல் முறை) 4.6 மில்லி வினாடிக்கு ஒருமுறை 577 மைக்ரோ வினாடி மட்டும் சிக்னல் அனுப்பும். அந்த நொடிப்பொழுதில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். வோல்டேஜ் 3.4-க்குக் கீழே சரிந்தால் சிக்கல்தான். இவ்வளவு குறுகிய சரிவை மல்டிமீட்டர் காட்டாது, ஆசிலாஸ்கோப் வேண்டும்.

சப்ளை 1 ஆம்பியர் தந்தால் மீதி 1 ஆம்பியரைக் கெபாசிட்டர்தான் தர வேண்டும். 0.3 வோல்ட் சரிவு பரவாயில்லை என்றால் கணக்குப்படி 1,900 மைக்ரோஃபாரட் வரும். ஈஎஸ்ஆர் (கெபாசிட்டரின் உள் மின்தடை) குறைந்த 2,200 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றை மாட்யூலை ஒட்டியே போடுங்கள். ஆனால் சில சப்ளைகள் அளவு மீறினாலே கட் ஆகிவிடும், அதனால் 2 ஆம்பியருக்கு மேல் தாங்கும், வோல்டேஜைக் குறைத்துத் தரும் பக் கன்வர்ட்டர்தான் நிம்மதி. அப்புறம் ஒயர்: 0.2 ஓம் இருந்தாலே 0.4 வோல்ட் அதிலேயே போய்விடும். பிரெட்போர்டு ஜம்பர் வேண்டவே வேண்டாம்.