நிவாரண லிஸ்ட்ல பேர் இல்லைன்னா: மறியலுக்கு முன்னாடி கையில ஒரு ரசீது இருக்கணும்

கேள்வி: நாங்க விழுப்புரம் மாவட்டம், திருவெண்ணெய்நல்லூர் பக்கம், தென்பெண்ணை ஆத்தங்கரை கிராமம். ஃபெஞ்சல் புயல் வெள்ளத்துல குடிசை சுவர் ஒரு பக்கம் விழுந்துருச்சு, ஒன்றரை ஏக்கர் குத்தகை நெல்லு அழுகிப்போச்சு, ரெண்டு ஆடு அடிச்சுக்கிட்டு போயிருச்சு, வயல்ல முழங்கை உயரத்துக்கு மணல் கிடக்குது. ரேஷன் கடையில 2000 ரூபா மட்டும் வந்துச்சு, வேற எதுவும் வரல. விஏஓகிட்ட கேட்டா "லிஸ்ட் மேல போயிருச்சு, இனிமே ஒண்ணும் பண்ண முடியாது"ங்கறார். ஊர்ல எல்லாரும் மறியல் பண்ணலாம்ங்கறாங்க. என்னதான் பண்றது?

பதில்: முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், உங்க கோவம் நியாயமான கோவம். 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கத்துல புயல் கரை ஏறுச்சு, மயிலத்துல ஒரே நாள்ல 50 சென்டிமீட்டரை ஒட்டி மழை, அது வடியறதுக்குள்ள டிசம்பர் 2 விடியக்காலை சாத்தனூர் டேம்ல இருந்து 1.68 லட்சம் கன அடி தண்ணி ஆத்துல. அஞ்சு தடவை எச்சரிக்கை கொடுத்தோம்னு அரசு தரப்பு சொல்லுச்சு, ஆனா உங்க பக்கத்து ஜனங்ககிட்ட பேசுனா தூங்கிட்டு இருந்தப்ப வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சுன்னுதான் சொல்றாங்க. அடுத்த நாள் இருவேல்பட்டுல பார்க்க வந்த, அப்ப அமைச்சரா இருந்த பொன்முடி மேல சேறு வீசுற அளவுக்கு போச்சு. குடிக்க தண்ணி இல்லாம, கரண்ட் இல்லாம, யாரும் எட்டிப் பார்க்காம கிடந்த ஊர்ல ஜனங்க சும்மா இருப்பாங்கன்னு எதிர்பார்க்கறதே தப்பு.

ஆனா மறியல் எதுக்கு ஆகும், எதுக்கு ஆகாதுன்னு தெரிஞ்சு வச்சுக்கங்க. தண்ணி லாரி வரணும், கரண்ட் வரணும், உடைஞ்ச ரோட்டை சரி பண்ணணும்னா மறியல் வேலை செய்யும், ரெண்டு மணி நேரத்துல தாசில்தாரோ டிஎஸ்பியோ வந்து நிப்பாங்க. லிஸ்ட்ல விட்டுப்போன பேரை சேர்க்கறதுக்கு அது ஆகாது, ஏன்னா வர்ற அதிகாரி "பார்க்கறோம், பண்றோம்"னு வாயால சொல்லிட்டு போயிருவார், கூட்டம் கலைஞ்சிரும், முன்னாடி நின்ன நாலு பேர் மேல கேஸ் மட்டும் நிக்கும். ஊரே முடிவு பண்ணி உட்கார்ந்தாலும் எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி அந்த அதிகாரி சொன்னதை ஒரு பேப்பர்ல எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வாங்கிட்டு எழுந்திரிங்க.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். "லிஸ்ட் மேல போயிருச்சு"ன்னு அவர் சொல்றது எந்த லிஸ்ட்டுன்னு கேட்டீங்களா? நிவாரணம்னா ஒரே லிஸ்ட்னு நம்ம ஜனங்க நினைச்சுக்கறாங்க, அதனால ஒரு இடத்துல இல்லைன்னு சொன்னதும் எல்லாம் போச்சுன்னு திரும்பி வந்துடறாங்க. உங்களுக்கு சேர வேண்டியது நாலஞ்சு தனித்தனி கணக்கு. அந்த 2000 ரூபா ரேஷன் கார்டை வச்சு கொடுத்தது, அதை வாங்கிட்டதால மத்ததுக்கு தகுதி போயிராது. வீடு வருவாய்த்துறை கணக்கு. பயிர், வேளாண்மைத்துறையும் வருவாய்த்துறையும் சேர்ந்து எடுக்கற கணக்கு. ஆடு மாடு கால்நடைத்துறை மூலமா வரணும். பயிர் காப்பீடு இது எதுலயும் சேராத தனி சமாச்சாரம்.

ஒவ்வொண்ணுக்கும் தொகை எவ்வளவுன்னு தெரிஞ்சாதான் கேட்க முடியும். ஃபெஞ்சலுக்கு அரசு அறிவிச்சது, சேதமான குடிசைக்கு 10,000 ரூபா, முழுசா போயிருந்தா புது வீடு கட்டித்தர்றதுல முன்னுரிமை. பாசன நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000, ஆனா 33 சதவீதமோ அதுக்கு மேலயோ சேதம்னு எழுதியிருக்கணும். ஆட்டுக்கு 4,000, கறவை மாட்டுக்கு 37,500. உங்க ஒன்றரை ஏக்கருக்கு கணக்கு போட்டா பத்தாயிரத்து சொச்சம்தான் வரும், ஒரு ஏக்கர் நடவுக்கும் உரத்துக்கும் கூலிக்கும் நீங்க போட்டதை நினைச்சா இது ஒண்ணுமே இல்லை, அது எனக்கும் தெரியும், தொகையை ஏத்தணும்னு விவசாயிங்க கேட்கறது சரியான கோரிக்கைதான். ஆனா அந்த பத்தாயிரம் உங்களுக்கு வர வேண்டிய காசு, அதை விட்டுடாதீங்க.

அந்த 33 சதவீதத்துலதான் நிறைய பேர் அடிபடறாங்க. கணக்கெடுக்க வர்றவர் தண்ணி வடிஞ்ச அப்புறம் ரோட்டுல நின்னு பார்த்தா பயிர் பச்சையா நிக்கற மாதிரி தெரியும், வேர் அழுகி இருக்கறது வரப்புல இறங்கி ரெண்டு குத்து பிடுங்கிப் பார்த்தாதான் தெரியும், அவர் 25 சதவீதம்னு எழுதிட்டா உங்க பேர் லிஸ்ட்லயே வராது. அதனால உங்க சர்வே நம்பருக்கு எத்தனை சதவீதம் எழுதியிருக்காங்கன்னு முதல்ல கேளுங்க, பேர் விட்டுப்போச்சா இல்ல சதவீதம் குறைச்சு போட்டாங்களான்னு தெரியாம மனு எழுதினா பிரயோஜனம் இல்லை.

குத்தகைன்னு சொன்னீங்க, இது இன்னொரு முடிச்சு. பட்டா யார் பேர்ல இருக்கோ அவங்க அக்கவுண்டுக்கு காசு போயிருச்சான்னு விசாரிங்க, இது நிறைய ஊர்ல நடக்குது. விதைச்சது நீங்கதான்னு காட்ட அடங்கல்ல, அதாவது விஏஓ எழுதற சாகுபடி கணக்குல, சாகுபடி பண்றவர் பேரா உங்க பேர் ஏறியிருக்கணும். ஏறலைன்னா நிலத்துக்காரர்கிட்ட ஒரு ஒப்புதல் கடிதம், உரம் வாங்குன பில், சொசைட்டி கடன் ரசீது, பக்கத்து வயல்காரங்க ரெண்டு பேர் கையெழுத்து, இதெல்லாம் சேர்த்து வைங்க. நிலத்துக்காரரோட சண்டை போட்டுட்டு போய் நின்னா ரெண்டு பேருக்கும் கிடைக்காது, பேசி எழுதி வாங்கிக்கறதுதான் நல்லது.

அப்புறம் அந்த மணல். இதை யாரும் உங்களுக்கு சொல்லியிருக்கமாட்டாங்க. பேரிடர் நிவாரண நிதியோட 2022-26 விதிமுறையில, வெள்ளத்தால வயல்ல 3 அங்குலத்துக்கு மேல மணலோ வண்டலோ படிஞ்சிருந்தா அதை அப்புறப்படுத்த ஹெக்டேருக்கு 18,000 ரூபா சிறு, குறு விவசாயிங்களுக்கு கொடுக்கலாம்னு இருக்கு, ஆறு பாதை மாறி நிலமே அடிச்சுக்கிட்டு போயிருந்தா 47,000. இது பயிருக்கு கொடுக்கறதுல சேராது, தனி தலைப்பு. தென்பெண்ணை கரையில எத்தனையோ வயல் ஆத்துப்படுகை மாதிரி கிடக்குது, ஆனா கணக்கெடுப்பு படிவத்துல பயிர் சேதம்னு மட்டும் எழுதிட்டு போயிடறாங்க. இது நிலத்துக்காரர் பேர்ல கேட்க வேண்டியது, அவரையும் கூட்டிக்கிட்டு போங்க. டிராக்டர் விட்டு மணலை அள்ளிட்டா அப்புறம் நிரூபிக்க முடியாது, அதனால அள்ளுறதுக்கு முன்னாடி ஒரு ஸ்கேலையோ அளவு டேப்பையோ மணல்ல குத்தி வச்சு போட்டோ எடுங்க, போட்டோவுல தேதியும் இடமும் பதிவாகற மாதிரி போன்ல செட் பண்ணிக்கங்க, வயலை சுத்தி தெரியற மரம், மோட்டார் கொட்டாய் ஏதாவது ஃபிரேம்ல வரட்டும்.

ஆட்டுக்கு பொதுவா கால்நடை டாக்டர் பார்த்து சர்டிபிகேட் தரணும், உடம்பே அடிச்சுக்கிட்டு போயிட்டா அது முடியாது. அப்ப ஆடு இருந்ததுக்கு ஆதாரம், தடுப்பூசி போட்ட பதிவு, காதுல போட்ட வில்லை நம்பர், பழைய போட்டோ, அக்கம்பக்கத்துக்காரங்க வாக்குமூலம், இதை வச்சு விஏஓ விசாரிச்சு அறிக்கை கொடுக்கணும்னு கேளுங்க. ரெண்டு ஆடு போனா ரெண்டுன்னே எழுதுங்க, அஞ்சுன்னு எழுத சொல்லி யாராவது யோசனை சொன்னா கேட்காதீங்க, பேரிடர் மேலாண்மை சட்டம் 2005, பிரிவு 52ல பொய்யா நிவாரணம் கேட்டா ரெண்டு வருஷம் வரைக்கும் தண்டனை இருக்கு, அதைவிட முக்கியம், ஒண்ணு பொய்னு பிடிபட்டா மத்த நிஜமான கோரிக்கையும் சேர்ந்து அடிபடும்.

காப்பீடு பத்தி சுருக்கமா சொல்றேன். பிரீமியம் கட்டியிருந்தீங்கன்னா, 2024ல இருந்த விதிப்படி நெல்லுக்கு உங்க ஒரு வயலை மட்டும் பார்த்து தரமாட்டாங்க, வருவாய் கிராம அளவுல சில வயல்ல மாதிரிக்கு அறுத்துப் பார்க்கற அறுவடை பரிசோதனை பண்ணி சராசரி மகசூல் குறைஞ்சிருந்தாதான் வரும், அதுக்கு மாசக்கணக்குல ஆகும். அந்த பரிசோதனை உங்க ஊர்ல எந்த வயல்ல, என்னைக்கு நடக்குதுன்னு உதவி வேளாண்மை அலுவலர்கிட்ட கேட்டு, அன்னைக்கு ஊர்க்காரங்க நாலு பேர் போய் நில்லுங்க.

இப்ப மனு. ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனி மனு எழுதுங்க, வீடு, பயிர், ஆடு, மணல் எல்லாத்தையும் ஒரே தாள்ல எழுதினா ஒரு துறை மட்டும் பார்த்துட்டு மூடிரும். எங்க கொடுக்கறது? திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல நடக்கற மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துல கொடுங்க, நம்பர் போட்டு ரசீது கொடுப்பாங்க. அதை தொலைச்சுடாதீங்க. மனுவுக்கு மூணு நாளைக்குள்ள ஒப்புகை, ஒரு மாசத்துக்குள்ள முடிவுன்னு அரசாணையே இருக்கு. போக முடியாதவங்க முதல்வர் உதவி மையம் 1100க்கு போன் பண்ணி பதிவு பண்ணலாம், ஆனா நிவாரண விஷயத்துல கையில தாள் இருக்கறது நல்லதுன்னு நான் நினைக்கறேன்.

எல்லாரையும் வெறுத்துப்போக வைக்கற இடம் இதுக்கு அப்புறம்தான் வருது. கலெக்டர்கிட்ட கொடுத்த மனு தாசில்தாருக்கு வந்து, ஆர்ஐக்கு (வருவாய் ஆய்வாளர்) வந்து, கடைசியில யார் மேல புகாரோ அதே விஏஓ டேபிளுக்கே வந்து சேரும், அவர் "ஏற்கனவே கணக்கெடுப்பு முடிந்தது, மனு தள்ளுபடி"ன்னு ஒரு வரி எழுதுவார், உங்க போனுக்கு மெசேஜ் வரும். விஏஓவை மட்டும் குத்தம் சொல்லவும் எனக்கு மனசு வரல, ரெண்டு ஊரை ஒரே ஆள் பார்த்துக்கிட்டு, இடுப்பளவு தண்ணியில நடந்து கணக்கு எடுத்தவங்களும் இருக்காங்க. ஆனா அவர் எழுதுனதை அவரே சரிபார்த்தா தப்பு எப்படி வெளிய வரும்? அதனால மனுவுல கடைசி பத்தி இப்படி எழுதுங்க: "எனது பெயர் விடுபட்டது குறித்து கிராம நிர்வாக அலுவலர் அல்லாத, துணை வட்டாட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர் என் முன்னிலையில் நேரில் புலத்தணிக்கை செய்து, தகுதியில்லை எனில் அதற்கான காரணத்தை எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்." காரணத்தை எழுதிக் கொடுங்கன்னு கேட்டா பாதி மனு அதுக்கு அப்புறம்தான் நகரும்.

அதே நேரத்துல தாலுகா ஆபீஸ் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்ட மனு) போடுங்க, 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினா போதும். "என் பேரை ஏன் விட்டீங்க"ன்னு கேட்காதீங்க, ஏன் எதுக்குன்னு கேட்டா அது தகவல் இல்லைன்னு திருப்பி அனுப்பிருவாங்க. இருக்கற ஆவணத்தை கேளுங்க: உங்க கிராமத்து வீடு சேத கணக்கெடுப்பு பட்டியல் நகல், பயிர் சேத பட்டியல்ல உங்க சர்வே நம்பருக்கு எழுதுன சதவீதம், வயலை பார்த்த தேதி, பார்த்தவரோட பதவி, பணம் போன பயனாளிகள் பட்டியல். முடிஞ்சா இன்னொண்ணும் கேளுங்க, டிசம்பர் 1, 2 ரெண்டு நாளும் சாத்தனூர் தண்ணி பத்தி உங்க கிராமத்துக்கு எச்சரிக்கை எத்தனை மணிக்கு வந்துச்சு, யார் மூலமா ஊருக்கு சொல்லப்பட்டுச்சுன்னு பதிவேட்டு நகல். அடுத்த வெள்ளத்துக்கு முன்னாடி அந்த பதில் உங்க ஊருக்கு வேணும். 30 நாள்ல பதில் வரலைன்னா அதே ஆபீஸ்ல மேல்முறையீடு பண்ணுங்க. லிஸ்ட் நகல் கையில வந்தாதான் மச்சு வீட்டுக்காரருக்கு குடிசை சேதம்னு காசு போச்சா, காலனி பக்கமே கணக்கெடுக்க ஆள் போகலையான்னு எல்லாம் தெரியும். அப்படி சாதி பார்த்து விட்டிருந்தா அது பேரிடர் சட்டம் பிரிவு 61க்கு நேர் விரோதம், நிவாரணத்துல சாதி, மதம், பால் பார்க்கக்கூடாதுன்னு அதுல தெளிவா எழுதியிருக்கு, மனுவுல அந்த பிரிவை குறிப்பிடுங்க.

யாராவது "சென்ட்ரல் கவர்மென்ட் காசு தரல, அதான் உங்களுக்கு இல்லை"ன்னு சொன்னா அதை ஏத்துக்காதீங்க. பேரிடர் நிவாரண நிதி 75க்கு 25ன்னு மத்திய, மாநில அரசு சேர்ந்து வருஷா வருஷம் போடற காசு, டிசம்பர் 6ம் தேதி மத்திய பங்கு 944.80 கோடி தமிழ்நாட்டுக்கு விடுவிச்சாங்க. தமிழ்நாடு கேட்ட தொகைக்கு அது பத்தாதுங்கறது பெரிய சண்டை, நடக்க வேண்டிய சண்டைதான், ஆனா அறிவிச்ச 10,000 ரூபா உங்க குடிசைக்கு வராததுக்கு அது காரணம் கிடையாது.

இவ்வளவும் பண்ணி ஒரு மாசம் தாண்டியும் அசையலைன்னா கோர்ட்டுதான். பேரிடர் மேலாண்மை சட்டத்துக்கு கீழ நடந்ததை கீழ்கோர்ட்டு விசாரிக்க முடியாது, பிரிவு 71 தடுக்குது, ஹைகோர்ட்டுக்குதான் போகணும். ஹைகோர்ட்டான்னு பயப்படாதீங்க. சட்டப்பணிகள் ஆணைக்குழு சட்டம் பிரிவு 12ல வெள்ளத்தால பாதிக்கப்பட்டவங்களுக்கு இலவச வக்கீல்னு தனியாவே சொல்லியிருக்கு, அதுக்கு வருமான வரம்பும் கிடையாது. விழுப்புரம் கோர்ட்டு வளாகத்துல மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கு, 15100க்கு போன் பண்ணியும் கேட்கலாம். போகும்போது ரேஷன் கார்டு, ஆதார், மனு ரசீது, ஆர்டிஐ பதில், போட்டோ எல்லாம் ஜெராக்ஸ் போட்டு எடுத்துட்டு போங்க, ஒரிஜினலை யார்கிட்டயும் விட்டுட்டு வராதீங்க. ஒரே மாதிரி விட்டுப்போனவங்க உங்க ஊர்ல பத்து பேர் இருந்தா எல்லாரும் ஒரே நாள்ல போய் தனித்தனியா விண்ணப்பம் கொடுங்க. வக்கீலுக்கு ஃபீஸ்னு யாராவது காசு கேட்டா அங்கயே செயலாளர்கிட்ட சொல்லுங்க, அந்த பதவியில இருக்கறவர் ஒரு நீதிபதிதான்.