போடும் பணம் போய்விடுமா?

கேள்வி: டல்லாஸ் பக்கம் இருக்கிறோம். கணவர் ஆபீஸில் 2026-க்கான ஓப்பன் என்ரோல்மென்ட் (அந்த வருஷத்துக்கு வேண்டிய இன்சூரன்ஸ், சலுகைகளைத் தேர்ந்தெடுக்கும் நேரம்) நடக்கிறது. எஃப்எஸ்ஏ (வரிக்கு முன்பே சம்பளத்தில் பிடித்து மருத்துவச் செலவுக்கு ஒதுக்கும் கணக்கு) எடுத்தால் வரி மிச்சம் என்கிறார்கள். ஆனால் வருஷக் கடைசியில் செலவாகாத பணம் போய்விடுமாமே? அவருக்கு ரூட் கெனால் செய்து கிரவுன் போட வேண்டும். இன்சூரன்ஸ் போக எங்கள் பங்கு 900 டாலர். கோடையில் சென்னை போகும்போது செய்துகொள்ளலாமா? மார்ச்சில் மாமனார், மாமியார் வருகிறார்கள். அவர்கள் மருந்துச் செலவையும் சேர்த்து, உச்சவரம்பான 3,400 டாலரையும் போட்டுவிடலாமா?
- ஒரு வாசகி, பிளேனோ

பதில்: எஃப்எஸ்ஏ எடுங்கள் சகோதரி. ஆனால் 3,400 வேண்டாம்.

மாமனார், மாமியார் செலவை முதலில் கழித்துவிடுங்கள். இந்தக் கணக்கு உங்கள் கணவருக்கும், உங்களுக்கும், பிள்ளைகளுக்கும், வரிச்சட்டப்படி அவரைச் சார்ந்திருப்பவர்களுக்கும்தான். விசிட்டர் விசாவில் சில மாதம் வந்து தங்கும் பெற்றோர், முழுச் செலவையும் நீங்களே பார்த்தாலும், அதில் வரமாட்டார்கள். அவர்களுடைய பிரஷர் மாத்திரைக்கு எஃப்எஸ்ஏ கார்டைத் தேய்க்கக் கூடாது. அதற்குத் தனியாகப் பணம் எடுத்து வையுங்கள்.

இனி, நிச்சயம் வரப்போகும் செலவை மட்டும் எழுதிப் பாருங்கள். பல்லுக்கு 900. கண்ணாடி, கான்டாக்ட் லென்ஸ், மாதாமாதம் வாங்கும் மருந்து, டாக்டரிடம் போகும்போது நாம் கட்டும் பங்கு (கோ-பே) எல்லாம் சேர்த்து 600 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,500. நீங்கள் 22 சதவீத வரி அடுக்கில் இருந்தால், சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் பிடித்தமான 7.65 சதவீதமும் சேர்ந்து ஏறக்குறைய 445 டாலர் மிச்சம். எப்படியும் செலவழிக்கப்போகும் பணத்தில் இது கிடைக்கிறது; விடாதீர்கள். 2020 முதல் டாக்டர் சீட்டு இல்லாத காய்ச்சல், சளி மாத்திரைகளுக்கும் சானிட்டரி நாப்கினுக்கும்கூட இதைப் பயன்படுத்தலாம். இன்சூரன்ஸ் பிரீமியத்துக்கும் பல்லை வெள்ளையாக்குவதற்கும் முடியாது.

பணம் போய்விடுமோ என்ற பயம் நியாயமானதுதான். சில கம்பெனிகள் 2026-ல் மிஞ்சியதில் 680 டாலர் வரை அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோக விடுகின்றன. சில, இரண்டரை மாதம் கூடுதல் அவகாசம் தருகின்றன. இரண்டும் சேர்ந்து கிடைக்காது; இரண்டுமே இல்லாத கம்பெனிகளும் உண்டு. எச்.ஆரிடம் இதைக் கேட்டுவிட்டுத் தொகையை எழுதுங்கள். குழந்தை பிறப்பு போன்ற பெரிய மாற்றம் ஏதாவது வந்தால் தவிர, நடுவில் திருத்த முடியாது.

பல்லை ஜனவரியிலேயே பார்த்துவிடுங்கள் என்பேன். சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பிடிப்பார்கள், ஆனால் எழுதிக் கொடுத்த 1,500-உம் முதல் நாளே செலவழிக்கக் கிடைக்கும். நடுவில் அவர் வேலை மாறினாலோ, வேலை போனாலோ, பிடித்ததற்கு மேல் செலவான தொகையைக் கம்பெனி திருப்பிக் கேட்க முடியாது. மாறாக, கோடைக்கென்று காத்திருக்கும்போது வேலை போனால், கணக்கில் போட்ட பணமும் பெரும்பாலும் போய்விடும். விசாவில் இருக்கும் குடும்பங்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். வலிக்கிற பல்லைக் கோடை வரை இழுப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

சென்னையில்தான் என்று முடிவெடுத்தால், அந்தச் செலவும் செல்லும். விமான டிக்கெட் செல்லாது. பில்லில்தான் கவனம் வேண்டும். 'டென்டல் ட்ரீட்மென்ட்' என்று ஒரே வரியில் எழுதி மொத்தத் தொகையைப் போட்டுத் தருவார்கள். கார்டு தேய்த்த சீட்டும் போதாது. நோயாளி பெயர், சிகிச்சை நடந்த தேதி, எந்தப் பல்லுக்கு என்ன செய்தார்கள், எவ்வளவு, கிளினிக் பெயர் எல்லாம் லெட்டர்ஹெட்டில், ஆங்கிலத்தில் வாங்குங்கள். பணம் கட்டிய தேதியை அல்ல, சிகிச்சை நடந்த தேதியைத்தான் பார்ப்பார்கள். டாக்டர் எழுதித் தந்து அங்கேயே சாப்பிடும் மருந்து சரி. ஆறு மாதத்துக்கு வாங்கிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவது சேராது.

அப்புறம், நீங்களும் வேலைக்குப் போகிறவராக இருந்து, உங்கள் ஆபீஸ் வழியாக எச்எஸ்ஏ என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கில் பணம் போடுகிறீர்களா? கணவர் வழக்கமான எஃப்எஸ்ஏ எடுத்தால் உங்கள் எச்எஸ்ஏ தகுதி போய்விடும். உங்கள் பிளானைப் பார்த்துவிட்டு அப்புறம் அவர் ஃபார்மை அனுப்பட்டும்.