காற்றாலையும் கமலையும்

அன்புள்ள ஐயா,

சென்ற மே மாதம் நெதர்லாந்தின் ராட்டர்டாமில் வசிக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, அதற்கு அருகிலுள்ள கிண்டர்டைக் கிராமத்தின் பழைய காற்றாலைகளைப் பார்த்தேன். மாவு அரைப்பவை என்றே அதுவரை நினைத்திருந்தேன். வயல்வெளியின் நீரை இறைத்து ஆற்றில் விடுவதற்காகக் கட்டப்பட்டவை என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். அருங்காட்சியகமாக வைத்திருக்கும் ஓர் ஆலைக்குள் ஏறி, சுவருக்குள் அலமாரி போல அமைந்த கட்டில்களையும், தலைக்கு மேலே சுழலும் மரப் பற்சக்கரங்களையும் பார்த்தபோது ஒரு கேள்வி எழுந்தது. கம்பம் கணவாய்க் காற்று நம் தேனிப் பக்கம் அப்படி வீசுகிறதே, நம் முன்னோர் ஏன் காற்றைக் கொண்டு நீர் இறைக்கவில்லை? அவர்களுக்கு அந்தத் தொழில்நுட்பம் எட்டவில்லையா?

ஒரு வாசகி, உசிலம்பட்டி

*

அன்புள்ள அம்மா,

உங்கள் கேள்வியின் பின்பாதியை நான் ஏற்கவில்லை. எட்டாததால் அல்ல, வேண்டியிராததால்தான் நம் பகுதியில் காற்றாலை எழவில்லை என்று கருதுகிறேன். அதை விளங்கிக்கொள்ள, நீங்கள் பார்த்த ஆலைகள் எந்த வேலைக்காக நிறுத்தப்பட்டவை என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கிண்டர்டைக்கின் நிலம் சதுப்பைத் திருத்தி எடுத்த நிலம். அப்படிப்பட்ட மண்ணிலிருந்து நீரை வடிக்க வடிக்க அது அமுங்கிக்கொண்டே போகும். நூற்றாண்டுகள் கழியும்போது வயல் ஆற்றைவிடத் தாழ்ந்துவிடும். மதகைத் திறந்தால் தானாக ஓடிய நீர் பிறகு ஓடாது. அந்த நிலையில்தான் 1738இல் எட்டு வட்டச் செங்கல் ஆலைகளும், 1740இல் நாணல் வேய்ந்த எட்டு எண்கோண ஆலைகளும் கட்டப்பட்டன. மற்றவற்றையும் சேர்த்து இன்று அங்கே 19 ஆலைகள் நிற்கின்றன. இறக்கைகள் சுழல, அந்தச் சுழற்சி பற்சக்கரங்கள் வழியே நிமிர்ந்த நடுத்தண்டுக்கு இறங்கி, கீழே துடுப்புச் சக்கரத்தைச் சுற்றும். அது வாய்க்கால் நீரை ஓர் ஆள் உயரத்துக்கும் குறைவாக மேலே தள்ளி ஒரு தேக்கத்தில் சேர்க்கும். லெக் ஆற்றின் மட்டம் இறங்கும்போது தேக்கத்தின் மதகு திறக்கப்படும். தூக்க வேண்டிய உயரம் சிறிது, நீரோ ஏராளம். அதோடு, வெள்ளம் தேங்கும் இலையுதிர், குளிர் காலங்களே அங்கே காற்று வலுக்கும் காலங்களும் ஆகும். தேவையும் விசையும் ஒரே பருவத்தில் வந்து சேர்ந்த இடம் அது.

நம் பக்கத்து நிலைமை வேறு. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறோம். ஆனால் ஆடியில் நம் கிணறுகள் கோடையில் வற்றி அடிமட்டத்தில் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் நிறைந்தால் மடை வழியே நீர் தானாகப் பாயும்; இறைப்பதற்கு அங்கே வேலை இல்லை. கண்மாய் வற்றத் தொடங்கும் தை, மாசிக்குப் பிறகுதான் கிணற்றுப் பாசனம் உயிர்நாடியாகிறது. அந்த மாதங்களில் காற்று அடங்கிவிடுகிறது. மேலும் அங்கே வாய்க்காலிலிருந்து கரைக்கு ஏற்ற வேண்டிய நீரை, இங்கே ஆழமான கிணற்றின் அடியிலிருந்து தூக்க வேண்டும். உழவுக்கும் வண்டிக்கும் எப்படியும் வளர்த்தாக வேண்டிய மாடுகள் தொழுவத்தில் நின்றன. சரிவில் அவற்றை இறக்கி, அவற்றின் எடையையே விசையாக்கி நீரை மேலேற்றிய கமலை, அந்த நிலைமைக்கு மிகச் சரியான பொறி. அதை வடிவமைத்தவர்களுக்கு அறிவு குறைவு என்று என்னால் ஒருபோதும் எண்ண முடியாது.

காற்றால் நீர் இறைக்கும் முயற்சியே இங்கு நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 1970களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் நியூ ஆல்கெமி நிறுவனத்தைச் சேர்ந்த மார்கஸ் ஷெர்மன் மதுரைப் பகுதியில் ஒரு பாய்க் காற்றாலையை அமைத்தார். மாட்டுவண்டிச் சக்கரமே அதன் நடுப்பகுதி. அதில் மூங்கில்களைக் கட்டி முக்கோணத் துணிப் பாய்களை விரித்தார். உள்ளூர் ஆசாரியும் கொல்லரும் செய்யவும் பழுதுபார்க்கவும் கூடிய பொருள்களாகத் தேர்ந்தெடுத்த அந்த முறையை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் மின்சார மோட்டார் ஊர் ஊராகப் பரவிவிட்ட காலம் அது. தமிழகத்தில் காற்று பெரிய அளவில் வேலைக்கு வந்தது, 1986இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் மின்சாரம் எடுக்கத் தொடங்கிய பிறகே.

கிண்டர்டைக்கிடம் நாம் கற்க வேண்டியது வேறொன்று உண்டு. 1868இலேயே அங்கே நீராவி இறைப்பு நிலையம் வந்துவிட்டது. ஆனாலும் ஆலைகளை இடிக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் எரிபொருள் கிடைக்காதபோது அவையே மீண்டும் நீர் இறைத்தன. 1997இல் யுனெஸ்கோ அவற்றை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது; 2017இல் ஆலையை இயக்கும் கைத்தொழிலையும் நெதர்லாந்தின் மரபாகத் தன் பட்டியலில் சேர்த்தது. இந்த இரண்டாவது அறிவிப்புதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. காற்று திரும்பும்போது ஆலையின் தலையை எப்போது திருப்புவது, காற்று வலுத்தால் இறக்கையின் பாய்த்துணியை எவ்வளவு சுருட்டுவது என்பதெல்லாம் கட்டடத்தில் இல்லை, ஆலைக்காரரின் கையிலும் கண்ணிலும் இருக்கிறது. 1972 முதல் நெதர்லாந்தில் தன்னார்வ ஆலைக்காரர்களின் சங்கம் ஒன்று இயங்கி, அந்தப் பயிற்சியைப் புதியவர்களுக்கு அளித்து வருகிறது.

கமலை இறைத்தவர்கள் உங்கள் ஊர்ப் பக்கம் இன்னும் சிலர் இருப்பார்கள். எண்பதை ஒட்டிய வயதினர். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அவர்களிடம் போய், சொல்வதை அப்படியே பதிவு செய்யுங்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். வடக்கயிற்றை எதில் திரித்தார்கள், நீர் அள்ளும் தோல் கூனையைத் தைத்தவர் யார், கூலி நெல்லாகவா காசாகவா, மாட்டைப் பின்னோக்கி நடக்க எப்படிப் பழக்கினார்கள், சரிவின் நீளத்தைக் கிணற்றின் ஆழத்தைப் பார்த்து எப்படி முடிவு செய்தார்கள், இறைத்த சால்களை எண்ணிக்கொள்ள என்ன பாடினார்கள் என்று கேளுங்கள். கிடைப்பதை எனக்கு அனுப்பினால் இந்தத் தளத்தில் முழுமையாக வெளியிடுகிறேன்.

அன்புடன்