அம்மாவ ஆல்ப்ஸ் ஹட்டுக்கு கூட்டிட்டுப் போலாமா?

கேள்வி: எங்களுக்கு மூணாறு பக்கம் எஸ்டேட். அண்ணன் மியூனிக்ல வேலை பாக்குறான், வர்ற ஜூலைல அம்மாவையும் என்னையும் வரச் சொல்லிருக்கான். ஒருநாள் மலையேறி மேல ஹட்ல (மலையேறுறவங்க சாப்ட்டு தங்குற விடுதி) சாப்ட்டு இறங்கிரலாம், ஆஸ்திரியால ஓல்பெரர் ஹட்னு இருக்கு, மாடரேட்தான்னு சொல்றான். நான் மீசப்புலிமல ஏறிருக்கேன். அம்மாவுக்கு 57 வயசு, முப்பது வருஷம் கொழுந்தெடுத்தவங்க, ஏறிருவாங்க, இறங்குறப்பதான் முட்டி வலிக்கும்பாங்க. போலாமா?
– வாசகி, தேவிகுளம்

பதில்: தாராளமா போலாம்மா. உயரத்த நினைச்சு பயப்படவே வேண்டாம். அந்த ஹட் 2389 மீட்டர், நீங்க ஏறுன மீசப்புலிமல 2640. கீழ ஷ்லெகைஸ் டேம் 1782 மீட்டர்ல இருக்கு, பஸ் அது வரைக்கும் போயிரும், ஆக நடந்து ஏற வேண்டியது 600 மீட்டர் சொச்சம்தான். பயப்பட வேண்டியது நேரத்துக்கு.

அங்க ஒரு கணக்கு வச்சிருக்காங்க. மணிக்கு 300 மீட்டர் ஏத்தம், 500 மீட்டர் இறக்கம், சமதரைல 4 கிலோமீட்டர் தூரம். ஏத்தத்துக்கு ஒரு நேரம், தூரத்துக்கு ஒரு நேரம்னு தனித்தனியா போட்டு, பெருசு எதுவோ அத முழுசா எடுத்து சின்னதுல பாதிய கூட்டிக்கணும். இதுல போட்டா ஏற ரெண்டரை மணி, இறங்க ஒண்ணே முக்கால் வரும். வழில மஞ்ச போர்டுல இதவிட கம்மியா போட்டிருந்தாலும் நம்பி உக்காந்துராதீங்க, அது நிக்காம நடக்குற ஆளுக்கு, தண்ணி குடிக்க, போட்டோ எடுக்க, அம்மா மூச்சு வாங்கன்னு எதுவும் அதுல சேராது. நீங்க மொத்தமா ஏழு மணி நேரம் ஒதுக்குங்க.

மியூனிக்ல இருந்து ஒரே நாள்ல போய்ட்டு வர்றது மட்டும் வேண்டாம். யென்பாக் வரைக்கும் ரயில், அங்கருந்து சின்ன ரயில்ல மாயர்ஹோஃபன், அப்புறம் மலைப்பாதைல பஸ்சுன்னு பாதி நாள் அதுலயே போயிரும். முந்தின நாளே மாயர்ஹோஃபன்ல போய் தங்கி, காலைல முத பஸ்ச பிடிச்சிருங்க, கடைசி பஸ் எத்தன மணிக்குன்னு ஏறும்போதே போட்டோ எடுத்து வச்சுக்கங்க.

ஏன் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னா, ஆல்ப்ஸ்ல கோடைகாலத்துல காலைல வானம் கழுவி விட்ட மாதிரி இருக்கும், மத்தியானத்துக்கு மேல இடி மின்னல் வந்துரும், நம்ம சித்திரை மாசத்து மழை மாதிரியேதான். நான் ஒரு தடவ லேட்டா கிளம்பி நடுவழில மாட்டிக்கிட்டேன். மூடுபனி இறங்கி பத்தடிக்கு மேல எதுவும் தெரியல, பாறைல சிவப்பு-வெள்ளை-சிவப்பா பெயின்ட் அடிச்சிருப்பாங்க, ஒண்ணு தெரிஞ்சதும் அதுகிட்ட போய் நின்னு அடுத்தது எங்கன்னு தேடித் தேடித்தான் நடந்தேன். ஹட்டுக்கு அரைமணி நேரம்னு போர்டும் பாத்தாச்சு, அப்பதான் முத இடி. திரும்பிட்டேன். மறுநாள் காலைல ஏறி அதே போர்டு பக்கத்துல பாத்தா, மேல முழுக்க மொட்டப்பாறை, ஒதுங்க ஒரு மரம் கெடையாது. அதனால மத்தியானம் ஒரு மணின்னு வச்சுக்கங்க, ஹட் கண்ணுக்குத் தெரிஞ்சாலும் சரி, ஒரு மணிக்குள்ள போய்ச் சேர முடியலன்னா திரும்பிரணும். அண்ணன்கிட்டயும் இத மொதல்லயே பேசி வச்சிருங்க, மேல போய் விவாதம் பண்ணக்கூடாது.

அம்மா விஷயத்துக்கு வர்றேன். சரிவுல முப்பது வருஷம் கூடையோட நின்ன கால், ஏத்தத்துல உங்களுக்கு முன்னாடி போனாலும் போவாங்க. முட்டிக்கு ரெண்டு ஊணுகோல் வாங்கிருங்க, டிரெக்கிங் போல்னு கேட்டா குடுப்பாங்க, இறங்கும்போது கொஞ்சம் நீளமாக்கி முன்னாடி ஊணி எடை அதுல விழற மாதிரி குட்டி குட்டி அடியா வைக்கச் சொல்லுங்க. கணுக்காலுக்கு மேல வர்ற ஷூ வேணும், அத இப்பவே வாங்கி போட்டுக்கிட்டு ஒரு மாசம் தேவிகுளத்துல நடக்கட்டும், புது ஷூவோட அங்க போய் இறங்குனா ஒரு மணி நேரத்துல குதிகால்ல கொப்பளம்தான். ஜூலைன்னாலும் ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் பைல இருக்கணும். கன்னுக்குட்டியோட மாடு மேஞ்சா சுத்திப் போங்க, கிட்ட போய் தடவக்கூடாது.

ஹட்ல ஒரு நோட்டு வச்சிருப்பாங்க, பேரும் அடுத்து எங்க போறீங்கன்னும் எழுதுறது. கட்டாயம் எழுதுங்க, ஆள் காணலன்னா தேடுறவங்க மொதல்ல பாக்குறது அததான். 2018 மார்ச்சுல குரங்கணில தீ பிடிச்சப்ப போடில இருந்து பாத்தவன் நான், மலைல யாரு எங்க இருக்காங்கன்னு தெரியறது எவ்ளோ பெரிய விஷயம்னு அன்னைக்கு தெரிஞ்சுது. ஆஸ்திரியால மலை மீட்புக்கு 140, ஐரோப்பா முழுக்க 112. சிக்னல் இல்லன்னா நிமிஷத்துக்கு ஆறு தடவ விசிலோ டார்ச்சோ அடிச்சு, ஒரு நிமிஷம் விட்டு மறுபடி அடிக்கணும். பதிலுக்கு நிமிஷத்துக்கு மூணு வந்தா அவங்க உங்கள கண்டுட்டாங்கன்னு அர்த்தம்.

கேள்வி: நான் சுத்த சைவம். இந்த மாதிரி ஹட்ல எனக்கு என்ன கிடைக்கும்?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: சீஸ் உருண்டை போட்ட சூப் இருக்கும், பாக்க சைவம் மாதிரிதான் தெரியும், ஆனா சூப்புத் தண்ணி பெரும்பாலும் மாட்டெலும்பு கொதிக்க வச்சது, கேட்டுட்டு வாங்குங்க. கைசர்ஷ்மாரன்னு ஒண்ணு, பிச்சுப் போட்ட இனிப்பு தோசை மாதிரி, அதுல முட்டை உண்டு. முட்டையும் ஆகாதுன்னா ரொட்டி, சீஸ், உருளைக்கிழங்குதான், கைல ஒரு டப்பா புளிசாதம் கட்டிக்கிட்டா நிம்மதி, ஆனா அத ஹட்டுக்கு வெளில பாறைல உக்காந்து சாப்டுங்க, டப்பாவையும் குப்பையையும் கீழ கொண்டு வந்துருங்க. கார்டு வாங்காத ஹட் நிறைய, யூரோ நோட்டா வச்சுக்கங்க.