எபிரேய சங்கீதம்: ராகமும் உச்சரிப்பும்

கேள்வி: எங்கள் பாடசாலையில் சர்வமத கலைநிகழ்ச்சி நடக்கவிருக்கிறது. தரம் 7 பிள்ளைகளுக்கு யூத வழிபாட்டுப் பாடல் ஒன்றைப் பழக்க ஆசை. யோம் கிப்பூர் நோன்பில் பாடும் ‘கோல் நித்ரே’ மனதை உருக்குகிறது, அதையே எடுக்கலாமா? ஆர்மோனியம், மிருதங்கம் சேர்க்கலாமா?
– இசை ஆசிரியை, புசல்லாவை

பதில்: கோல் நித்ரே வேண்டாம். அது நிறைவேற்ற முடியாத நேர்த்திகளிலிருந்து விடுவிக்கும் அரமேய மொழிப் பிரகடனம். நோன்பு தொடங்கும் மாலையில், பொழுது சாயுமுன், வழிபாட்டை நடத்தும் பாடகர் அதை மூன்று முறை பாடுவார். மேடைக்குரியதல்ல.

வேதாகமத்தின் 133ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தை எடுங்கள். ‘இதோ, சகோதரர் ஒருமித்து வாசம்பண்ணுகிறது எத்தனை நன்மையும் எத்தனை இன்பமுமானது’ என்று தேவாலயம் போகும் பிள்ளைகள் அறிந்ததுதான். எபிரேயத்தில்: ‘ஹினே மா தோவ் உமா நாஈம், ஷேவெத் அஹீம் கம் யாஹத்.’ யூதர்கள் இறைபெயரை வழிபாட்டுக்கு வெளியே சொல்லத் தயங்குவார்கள். இந்த வசனத்தில் அது இல்லை, ஆகவே ஒத்திகையில் எத்தனை முறையும் பாடலாம்.

பிள்ளைகள் ‘தோவ்வு’ என்று உகரம் சேர்ப்பார்கள். உதட்டைப் பல்லில் வைத்தபடி நிறுத்தப் பழக்குங்கள். ‘அஹீம்’, ‘யாஹத்’ இரண்டிலும் ஹகரம் தொண்டையில் உரசி வரவேண்டும். ‘கம்’மில் ‘கீதம்’ என்பதன் முதலெழுத்து ஒலி.

பரவலாகப் பாடப்படும் மெட்டு நடபைரவி சுரங்களில் அடங்கும். 4 கட்டைச் சுருதி போதும். முதற்பகுதியை ஒரு குழு முடித்து அடுத்ததற்குப் போகும்போது, மற்றக் குழு முதலிலிருந்து தொடங்கினால் இரண்டும் இழைந்து வரும். அந்த இடம் மிக அழகு!

முன்னுரையாக, சொற்களற்ற ‘நிகுன்’ மெட்டு ஒன்றை ‘யை தை தை’ என்று பாடவைக்கலாம். பல நிகுன்கள் ‘அஹவா ரப்பா’ முறையில் அமைந்தவை. நமக்கு அது வகுளாபரணம். சரளி வரிசை பழகிய குரல் மாயாமாளவகௌளைக்கே ஓடும். ஏழு சுரங்களில் வேறுபாடு நிஷாதம் மட்டும்தான். மாயாமாளவகௌளையின் காகலி நிஷாதம் ஒலித்தால் நிறுத்தி, வகுளாபரணத்துக்குரிய கைசிகி நிஷாதத்தை ஆர்மோனியத்தில் பிடித்துக் காட்டுங்கள்.

வாத்தியம் தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் மரபுவழி யூதர்கள் ஓய்வுநாளில் வாத்தியம் வாசிப்பதில்லை. யூத விருந்தினர் யாரையாவது அழைப்பதென்றால், வெள்ளி பொழுது சாய்வது முதல் சனி இருட்டும்வரை தவிருங்கள்.

அறிவிப்பாளருக்கு ஒரு தகவல்: உங்கள் ஊர் ரொத்சைல்ட் தோட்டத்தின் பெயர் ஒரு யூதக் குடும்பத்தினுடையது. 1840களில் அங்கே கோப்பி பயிரிட்ட டி வோர்ம்ஸ் சகோதரர்கள் அக்குடும்பத்தின் உறவினர்கள்.