சௌத் வெஸ்ட் கோஸ்ட் பாத்தில் ஒரே ஒரு நாள்தான் நடக்க முடியும் என்றால் எந்தப் பகுதியில் நடக்கலாம்?

ஹார்ட்லேண்ட் கீயிலிருந்து பியூட் வரை. ஆனால் முட்டி நல்ல நிலையில் இருந்தால் மட்டும்.

"கடலோரம்தானே, சமதளமாக இருக்கும், ஒரு நாளில் 30 கிலோமீட்டர் போய்விடலாம்" என்று கேள்வியோடு எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் இந்த நிபந்தனை. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையைச் சுற்றி, மைன்ஹெட்டிலிருந்து பூல் துறைமுகம் வரை 630 மைல் போகும் பாதை இது. அதன் ஏற்றங்களை மட்டும் கூட்டினால் சுமார் 35,000 மீட்டர். எவரெஸ்ட் உயரத்தைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு.

நான் சொல்லும் பகுதி வரைபடத்தில் சுமார் 15 மைல்தான், அதாவது 24 கிலோமீட்டர். மைலைப் பார்க்காதீர்கள், பள்ளத்தாக்குகளை எண்ணுங்கள்: பத்து. ஒவ்வொன்றிலும் கிடுகிடுவென இறங்கி, ஓடையைத் தாண்டி, எதிர்ப்பக்கம் மறுபடி மேலே ஏற வேண்டும். மூச்சு வாங்கி நிமிர்ந்தால் அடுத்த பள்ளம் தெரியும். உள்ளே கொஞ்சம் ஒதுங்கிப் பாதை போட்டிருக்கக் கூடாதா என்று தோன்றும். போட்டவர்களுக்கு நம் வசதி முக்கியமில்லை. கடத்தல்காரர்களைத் தேடிக் கடலோரக் காவலர்கள் ரோந்து போன தடம் இது. ஒவ்வொரு குடாவுக்குள்ளும் எட்டிப் பார்த்தாக வேண்டும், அதனால் பாதை கடலை விட்டு விலகவே விலகாது.

கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே ஸ்பீக்ஸ் மில் மவுத் அருவி வந்துவிடும். இந்தக் கரையில் ஓடைகள் பல நேராகக் கடலில் கலக்காமல் பாறை விளிம்பிலிருந்து கீழே விழுகின்றன. ஓடை தன் படுகையை அரித்து ஆழமாக்கும் வேகத்தைவிடக் கடல் கரையை அரிக்கும் வேகம் அதிகம். பள்ளத்தாக்கு பாதியிலேயே அறுபட்டு நிற்கிறது. கீழே பாறை அடுக்குகளையும் பாருங்கள், கசக்கிய காகிதம்போல மடிந்து கிடக்கும். எனக்கு இந்த நடையில் பிடித்ததே அதுதான்.

மார்ஸ்லேண்ட் மவுத்தில் டெவன் மாவட்டம் முடிந்து கார்ன்வால் மாவட்டம் தொடங்குகிறது. எல்லை என்று சொல்லிக்கொண்டு அங்கேயும் ஓர் இறக்கம், ஓர் ஏற்றம்.

மார்வென்ஸ்டோவில் ஹாக்கர்ஸ் ஹட்டில் கட்டாயம் உட்காருங்கள். 19ஆம் நூற்றாண்டில் அந்த ஊர்ப் பாதிரியாராக இருந்த ராபர்ட் ஸ்டீபன் ஹாக்கர், கரை ஒதுங்கிய மரங்களையும் உடைந்த கப்பல்களின் பலகைகளையும் வைத்து பாறைச் சரிவில் கட்டிய குடில். பாரம்பரிய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பிடம் உள்ள கட்டடங்களிலேயே மிகச் சிறியது என்பார்கள். மூழ்கி இறந்த மாலுமிகளின் உடல்களைத் தேடி எடுத்துத் தேவாலய வளாகத்தில் முறையாக அடக்கம் செய்தவர் அவர். 1842இல் உடைந்த கலிடோனியா கப்பலின் மாலுமிகளும் அங்கேதான் இருக்கிறார்கள். அந்தக் கரையை மேலிருந்து பார்த்தால் கப்பல்கள் ஏன் தப்பவில்லை என்பது விளங்கிவிடும்.

அடுத்து, பிரிட்டிஷ் உளவு அமைப்பான ஜிசிஎச்க்யூவின் ராட்சத வெள்ளை டிஷ்கள். வெகுநேரம் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். டக்பூல் கடற்கரைக்குப் பிறகு ஒரு கடைசி முரட்டு ஏற்றம். சான்டிமவுத் கடற்கரையைத் தாண்டினால் பெரும்பாலும் புல்வெளி நடைதான். வடக்கிலிருந்து தெற்கே நடக்கச் சொல்வதும் இதற்காகத்தான், கால் ஓய்ந்த பிறகு சுலபமான பகுதி வரும்.

சான்டிமவுத்திலிருந்து பியூட் வரை கடல் வற்றியிருக்கும்போது மணலிலேயே நடக்கலாம். ஆனால் அலை ஏறினால் பின்னால் செங்குத்துப் பாறை, ஒதுங்க இடமில்லை. ஏற்ற வற்ற அட்டவணையைப் பார்க்காமல் இறங்காதீர்கள்.

காலையில் சீக்கிரம் கிளம்புங்கள். இளைப்பாறுவதையும் சேர்த்தால் எட்டு, ஒன்பது மணி நேரம் ஆகும். தண்ணீர் முழுவதையும் சுமந்தே போங்கள். மார்வென்ஸ்டோவில் பாதையை விட்டு உள்ளே நடந்தால் ஒரு பப்பும் டீக்கடையும் உண்டு, மற்றபடி வழியில் பெரிதாக எதுவும் கிடையாது. இரண்டு நடைக்கம்புகள் அவசியம், ஏற்றத்தைவிட இறக்கத்துக்கு. தங்கும் அறையை பியூட்டில் எடுத்துக்கொண்டு, காலையில் டாக்ஸியில் ஹார்ட்லேண்ட் கீ போய் இறங்கிவிடுங்கள். மாலையில் வண்டிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.